கம்பைல் ஆகிக்கொண்டிருந்த கடிதம்

இளமையில் எனக்கு ஒரு வியாதி இருந்தது: சுலபமாக முடிகிற காரியம் எதுவும் பிடிக்காது. (இப்போது முதுகுவலி மட்டும்தான்.)

தொண்ணூறுகளின் கடைசி. கிள்ளானில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கணினி. சஞ்சிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் இயங்குதளக் குறுந்தட்டைப் போட்டு, கணினியிலிருந்த விண்டோஸை வழித்துத் துடைத்தேன். வசந்தி அக்கா ஒரு வாரமாக அடித்து வைத்திருந்த கடிதமும் கூடவே போனது. ஆசிரியையான அவளைக் கடல் தாண்டியிருக்கும் சபா மாநிலத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதை ரத்து செய்யக் கேட்கும் கடிதம் அது. அன்று மாலை நான்கு மணிக்குள் ஷா ஆலம் கல்வி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

“பயப்படாதேக்கா, மறுபடி அடிச்சுக்கலாம்” என்றேன். அடிப்பதற்கு மென்பொருள் வேண்டுமே!

லினக்ஸில் அதற்கு இரண்டு வழி. தயாராக இருக்கும் பேக்கேஜை ஒரே கட்டளையில் போடலாம். அல்லது மூல நிரலை எடுத்து நாமே கம்பைல் செய்து உருவாக்கலாம். முதலில் பேக்கேஜைத்தான் போட்டேன். அது இன்னொரு பேக்கேஜைக் கேட்டது; அந்த இன்னொன்று வேறொன்றைக் கேட்டது. அரசாங்க அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் ஐந்தாம் கவுண்டருக்குப் போகச் சொல்வார்களே, அதே கதை. எல்லாம் குறுந்தட்டிலேயே இருந்தன. பொறுமையாகப் போட்டிருந்தால் அரைமணி நேர வேலை. ஆனால், “கெட்டிக்காரன் கம்பைல்தான் பண்ணுவான் லா” என்று நண்பன் சீலன் உசுப்பேற்றியிருந்தான்.

காலை பத்து மணிக்குக் கம்பைலை ஆரம்பித்தேன். திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின. ராக்கெட் விடுகிற பெருமை எனக்கு.

“முடிஞ்சிருச்சாடா?”

“ஓடுதுக்கா.”

பன்னிரண்டு மணிக்குப் பிழை என்று நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“இப்போ?”

“இன்னும் ஓடுதுக்கா.”

இரண்டு மணிக்கு அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு நானே சபாவுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்ததுபோல் இருந்தது.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாள்.

“பஸ் ஸ்டேஷன் பக்கத்துல டைப் அடிக்கிற அங்கிள்கிட்ட சொன்னேன். பத்தே நிமிஷம்லா. கொடுத்துட்டு வந்துட்டேன்.”

கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மாற்றலும் ரத்தானது. இப்போது ஒரு தட்டுத் தட்டினால் வேண்டிய மென்பொருள் வந்து இறங்கிவிடுகிறது. வசதிதான். ஆனாலும் ஓடும் எழுத்துகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த வயதை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா விட்டால்தானே! இன்றும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் தேநீர் போட எழுந்தால் போதும், பிள்ளைகள் எல்லார் முன்னாலும் சொல்வாள்:

“பேக்கெட் தூளே போதும் தம்பி. கேமரன் மலைத் தோட்டத்துக்குப் போயி தேயிலை கிள்ள ஆரம்பிச்சிடாதே லா!”