சினிமாவுக்குப் போய் வந்த வீடு

பழவேற்காடு,
2-3-1957

என் உயிருக்கு உயிரான தம்பி அப்துல் ரவூபுக்கு அண்ணன் அமானுல்லா ஸலாம் சொல்லி எழுதுவது: அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணி ஜாஹிதாவும் சுகம். பினாங்கில் நீயும் உன் மனைவி சைதாவும் பிள்ளைகளும் அவ்வண்ணமே சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

இப்பவும் விஷயம் என்னவென்றால், நீ எழுதிய கடிதம் ஐந்து வாரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு நோன்புப் பெருநாளுக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வரலாமா, வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்டிருந்தாய். பதில் தாமதமானதற்கு நான் காரணமில்லை. வீட்டில் சினிமா நடந்தது. எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்து முடித்ததும், இந்த வருஷம் வர வேண்டாம் என்று நீயே சொல்லிவிடுவாய்.

ஜனவரி கடைசியில் ஜகந்நாதன் என்ற சினிமா டைரக்டர் காரில் வந்து இறங்கினார். திருவள்ளூர்க்காரர், நெற்றியில் நாமம், மரியாதையான மனிதர். தெருவில் நின்று பத்து நிமிஷம் நம் வீட்டையே பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "பாய், இந்த ஊட்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கணுமே" என்றார். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. உட்காரவைத்துச் சொன்னேன். நம் பாட்டனாரின் வாப்பா கைலி வியாபாரத்தில் சம்பாதித்து இதைக் கட்டியது, புயலில் கரைதட்டிய கப்பலின் பலகைகளை வாங்கி மாடிக்குத் தளம் போட்டது, கீழே நான்கு அறையிலும் கூரை முட்டக் கைலி மூட்டை அடுக்கியிருந்தது, அவை ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனது, பெண்கள் மாடி ஜன்னலில் நின்று பாய்மரம் தெரிகிறதா என்று பார்த்தது, யுத்தத்தில் எல்லாம் நின்றுபோனது வரைக்கும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, "பிரமாதம் பாய், ஜமீன்தார் மாளிகைக்கு இதான் சரி" என்றார். மறுவாரம் வாசலில் 'சிங்கார விலாஸ்' என்று பலகை ஏறியது. தபால்காரர் அதைப் பார்த்து, வீடு கைமாறிவிட்டது என்று நினைத்து, இரண்டு நாள் நம் தபாலைப் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டுப் போனார்.

சினிமாக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் உன் அண்ணி மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் வீட்டைத் துடைத்தாள். நாலு ஆள் உயரத்துக்கு மூங்கில் கட்டி ஒட்டடை அடித்தாள். நாலாம் நாள் ஜோடனை வேலை பார்க்கிற கோபால் என்பவர் சாமான்களோடு வந்தார். அண்ணாந்து பார்த்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இப்டி பண்ட்டீங்கோ? ஒட்டடைக்காகத்தான் டைரக்டரு இந்த ஊட்டயே புடிச்சாரு."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நாலு வருசமா சும்மாதான் வச்சிக்கினு இருந்தேன்" என்றாள் ஜாஹிதா.

கோபால் ஏதோ பசையைக் காய்ச்சி, குழாயில் ஊதி ஊதி, வீடு முழுக்கச் செயற்கையாக ஒட்டடை கட்டினார். அல்லாஹ் படைத்த சிலந்தி கட்டியது துடைப்பத்துக்கு வந்தது. கோபால் கட்டியது எதற்கும் வரவில்லை. இன்றைக்கும் அதற்குக் கீழேதான் சாப்பிடுகிறோம். கதையில் ஜமீன் நன்றாக இருந்த காலமும் வருகிறது என்று முகப்புக்கு வெள்ளையடித்தார்கள். முழுசாக இல்லை, காமிராவில் விழுகிற இடம் மட்டும். ஆகவே பள்ளிவாசல் பக்கமிருந்து பார்த்தால் வாப்பா காலத்து வீடு, கடைத்தெருப் பக்கமிருந்து பார்த்தால் இப்போதைய வீடு. தொழுகை முடிந்து நான் தினமும் பள்ளிவாசல் முனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன். அங்கிருந்து பார்க்கும்போது நீ மொட்டைமாடியில் பட்டம் விடுகிறாற்போலவே இருக்கிறது.

பிறகு சண்டைக் காட்சி. மாடிப்படியில் ஒரு பக்கம் நம் தேக்குக் கைப்பிடி, மறுபக்கம் உடைப்பதற்கென்று கோபால் அட்டையில் செய்து வைத்த கைப்பிடி. வேலைக்காரன் என்றால் அவர் வேலைக்காரன், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சண்டைக்காரருக்கும் தெரியவில்லை. நம் கைப்பிடியோடு கீழே வந்து விழுந்தார். இப்போது அட்டைக் கைப்பிடி மட்டும் பத்திரமாக இருக்கிறது. பெரியவர்கள் யார் வந்தாலும் ஜாஹிதா ஓடிப்போய், "அதுல சாயாதீங்கோ, அது சினிமா" என்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் ரவூப். கடைசி நாள் நடந்ததுதான் பேஜார்.

கதையில் இரண்டு சகோதரர்கள். தம்பி கோபித்துக்கொண்டு சீமைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். அண்ணன் கோபம் தீராமல் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அண்ணனாக நடிக்கிறவர் முதல்நாள் ஜாஹிதாவின் நண்டுக் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு, அன்றைக்கு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். முதுகுதானே என்று டைரக்டர் எனக்கு ஜரிகைச் சட்டையை மாட்டிவிட்டார்.

"பாய், நீங்க பேச வேணாம். திரும்ப வேணாம். தம்பி மேல பத்து வருஷக் கோவம். அது முதுகுல தெரியணும், அவ்ளோதான்."

தம்பி வேஷம் துளசிராமன் என்ற பையனுக்கு. உன்னைப் போலவே ஒல்லி. கையில் தகரப்பெட்டியோடு வாசல்படி ஏறி, "அண்ணா" என்றான். நான் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவையும் திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல் நின்றேன், ஆனால் வாய், "சாப்ட்டியாடா?" என்று கேட்டுவிட்டது. அந்தப் பையனும் பாவம், "இல்லண்ணா, காலைல நாஷ்டாகூட துன்னல" என்று நிஜத்தைச் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாவது தடவை நான் பேசவுமில்லை, திரும்பவுமில்லை. ஆனாலும் டைரக்டர் நிறுத்திவிட்டார். என் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "பாய், உங்க முதுகு அழுவுது" என்றார்.

பிறகு அந்தச் சட்டையைக் கோபால் போட்டுக்கொண்டு தூண்போல நின்றார். ஒரே தடவையில் முடிந்துவிட்டது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்டு, நான் முடியாதென்று சொல்லி, நீ பெட்டியைத் தூக்கிய அன்று, நான் அந்த இடத்தில்தான் உனக்கு முதுகைக் காட்டி நின்றேன். "போறேண்ணே" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். இரண்டும் கேட்டது. வண்டிச் சத்தம் நகர்ந்த பிறகு மாடிக்கு ஓடினேன். ஜன்னலைத் திறப்பதற்குள் வண்டி பள்ளிவாசல் முனை திரும்பிவிட்டது. பொன்னேரி ரஸ்தாவில் புழுதி மட்டும் தெரிந்தது. அது அடங்குகிறவரை நின்றிருந்தேன். இதை ஜாஹிதாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகவே தம்பி, நிலைமை இப்படி. கைப்பிடி இல்லை, பாதி வெள்ளை, தலைக்கு மேல் பசை. பினாங்கில் வசதியாக வளர்ந்த பிள்ளைகளை இங்கே எங்கே படுக்கவைப்பது? பதினோரு வருஷம் கழித்து வருகிறவன் இந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு வருஷம் பொறு. எல்லாவற்றையும் செப்பனிட்டு, அடுத்த பெருநாளுக்கு நானே எழுதி அழைக்கிறேன்.

சைதாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உன் கடையில் பரக்கத் பெருகட்டும், ஆயுசு நீளட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் அமானுல்லா

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் இதை ஜாஹிதாவிடம் படித்துக் காட்டினேன், ஜன்னல் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அவள் அரிசி களைந்துகொண்டே, "ஊட்ட பாக்கவா அவரு வர்றாரு?" என்றாள். பிறகுதான் சொல்கிறாள்: உன் கடிதம் வந்த அன்றே, நான் பொன்னேரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அரபு எழுத்தில் தமிழாக சைதாவுக்கு ஒரு விமானத் தபால் போட்டுவிட்டாளாம். உடனே கிளம்பி வரச் சொல்லி. சைதாவின் பதிலும் வந்து, அரிசிப் பானைக்குள் பத்து நாளாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் கப்பல் ஏறுகிறீர்களாம். அப்படியானால் இந்தக் கடிதம் பினாங்குக்கு வரும்போது அங்கே இதைப் படிக்க யாரும் இருக்கப்போவதில்லை. இருந்தாலும் ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன், போட்டுவிடுகிறேன். போட்டுவிட்டு அப்படியே மெட்ராஸ் போய், உங்கள் கப்பல் எந்தத் தேதியில் வருகிறது என்று துறைமுகத்தில் விசாரித்துக்கொண்டு வருகிறேன்.