அத்திம்பேர் என்று நினைத்துச் சொன்ன வாக்குமூலம்

எனக்குப் பொய் சொல்ல வராது. இருபது வயதில் இது எனக்குத் தெரியாமல் போனதுதான் வினை.

யுத்த காலம். பம்பாயில், மாட்டுங்காவில் அக்கா வீட்டில் இருந்தேன். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்த அத்திம்பேர், என்னையும் ஒரு குமாஸ்தாவாக்கிவிடுவது என்று தீர்மானித்து, ஆபீஸுக்குப் பக்கத்திலேயே சுருக்கெழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டார். காலையில் ஒரு லோக்கல் ரயிலில் அவர் போவார். அடுத்த லோக்கலில் நான் போகவேண்டும். நாலு நாள் போனேன். அப்புறம் ஐந்து மாதம் மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரே காபி கிளப்பில் படித்தேன் (பேப்பர்). சாயங்காலம் அத்திம்பேர் ஒரு கடிதத்தை வாயால் சொல்லுவார். நான் நோட்டில் கோணல்மாணலாகக் கிறுக்கி, பிறகு ஞாபகத்திலிருந்து ஒப்பிப்பேன். “கை நன்னா வந்துடுத்து” என்பார்.

ஒருநாள் பத்து மணிக்கு ஒருவர் கிளப்புக்குள் வந்து, காலை லோக்கல் ஒன்று இன்னொரு வண்டியில் மோதிவிட்டது, அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். எந்த லோக்கல் என்று கேட்கவில்லை. அத்திம்பேருடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்காவிடம் ஓடலாமென்றால், வகுப்பில் இருக்கவேண்டியவன் இங்கே எப்படி வந்தாய் என்று கேட்பாள். (அந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தேன்.) நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“மதராசி?” என்று நர்ஸிடம் கேட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஹிந்தி அவ்வளவுதான். அவள் ஒரு கட்டிலைக் காட்டினாள்.

தலை, முகம், தாடை எல்லாம் கட்டு. மூக்கும் ஒரு கண்ணும் உதட்டில் ஒரு கீற்றும் மட்டும் வெளியே. அதே பருமன், அதே கறுப்பு. எனக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழ ஆரம்பித்ததும் உண்மை தானாக வந்தது.

“அத்திம்பேர், நான் கிளாஸுக்கே போகலை. அந்த நோட்டுல இருக்கறது ஒண்ணும் சுருக்கெழுத்தே இல்லை. ரேஷன் சர்க்கரை குறையறதுன்னு அக்காவைக் கோச்சுண்டேளே, தின்னது நான்தான். உங்க குடையை டிராம்ல விட்டதும் நான்தான்.”

அவர் கையை மெல்லத் தூக்கினார். மன்னித்துவிட்டார் என்று இன்னும் பலமாக அழுதேன். நர்ஸ் வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

“எந்தக் குடை?” என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

அத்திம்பேர் நின்றுகொண்டிருந்தார், முழுசாக. அவர் வண்டி சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மோதியது அடுத்த லோக்கல், அதாவது நான் போயிருக்கவேண்டியது. ஆபீஸில் செய்தி கேட்டு, என்னைத் தேடிக் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை.

என் தலையையும் தோளையும் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒழுங்காக் கிளாஸுக்குப் போயிருந்தா நீ இந்தக் கட்டில்ல கிடப்பே. அதனால உன்னைத் திட்டவும் முடியலை. அதுதான்டா எனக்குக் கஷ்டமா இருக்கு.”

கட்டிலில் இருந்தவர் தாராவித் தோல் பட்டறையில் வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர், பெயர் சுடலைமுத்து. அவருக்குப் பம்பாயில் யாரும் இல்லை என்று தெரிந்ததும், தினமும் அவருக்குக் கஞ்சி கொண்டுபோகும் வேலையை அத்திம்பேர் எனக்குக் கொடுத்தார். (தண்டனைதான்.) எட்டாம் நாள் தாடைக் கட்டைப் பிரித்தார்கள். அத்திம்பேரைப் பார்த்து அவர் முதலில் பேசியது இதுதான்: “தம்பிய வையாதீய, சாமி. எனக்குன்னு ஒரு நாதி வரல. இந்தத் தம்பிதான் வந்து அளுதுச்சு.”

அத்திம்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

அடுத்த ஒரு வருஷம் என்னைத் தன் லோக்கலிலேயே ஏற்றி, வகுப்பு வாசல்வரை கொண்டுவிட்டார். சுருக்கெழுத்து வந்தது, வேலையும் வந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்கு வர ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தில் யாராவது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் மென்று விழுங்கினால், “அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பட்டுமா?” என்பாள் அக்கா. என் மனைவி கல்யாணமான மூன்றாம் நாளே அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். இதுவரை ஒருதரம்கூட ஆள் அனுப்பவேண்டி வரவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.