மணற்குழியில் பதினோரு அடி

என் பேரன்புக்குரிய மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவனும், உன் தயவால் வாரத்தில் மூன்று நாள் புல் வெட்டுகிறவனுமான உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே ‘நலம்’ என்று எழுதியதில் ஒரு மணிக்கட்டை மட்டும் கழித்துக்கொள். யாருடைய மணிக்கட்டு என்று பின்னால் சொல்கிறேன். பதறாதே.

நேற்று நீ போனில், “அத்தான், மைதானத்துச் செயலாளர் எல்லாத்தையும் சொல்லிட்டார். மணல்ல பதினோரு அடியா? உங்களை நம்பித்தானே பேரைச் சேர்க்கச் சொன்னேன்?” என்று கேட்டபோது, நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் உன் அக்கா இருந்தாள். எட்டு வருஷம் நீ மேற்பார்வையாளராக இருந்து பேர் வாங்கிய கோல்ஃப் மைதானம் அது. மாற்றலாகிப் போகிற அவசரத்திலும், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று புல் வெட்டும் வண்டி ஓட்டுகிற வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். அப்பேர்ப்பட்ட உன் சிபாரிசில் வந்தவன், ஊழியர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் நடந்த போட்டியில், கைக்கு வந்த கோப்பையை மணலில் புதைத்துவிட்டான் என்றால் உனக்கு மானம் போகத்தான் செய்யும். நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

முதலில் மணிக்கட்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் உன் அக்கா குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. “தம்பிகிட்ட சொன்னீங்கன்னா அவன் வேலையை விட்டுட்டு ஓடி வருவான், மூச்சு விடக் கூடாது” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கட்டைப் பிரித்த பிறகுதான் கஷ்டமே வந்தது. கை மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டது. பிசியோதெரபி டாக்டரம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார். உன் அக்கா அதை இரண்டு நாள் அமுக்கிவிட்டு, வலிக்கிறது என்று நூல்கண்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறவள் தையல் மிஷின் மேல் போர்வையைப் போட்டு மூடினாள். அதற்கப்புறம் பேச்சையும் குறைத்துக்கொண்டாள். நான் பந்தை எடுத்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டாவது தடவை நீட்டினால் அழுதாள். நான் என்ன செய்வேன், சொல்லு? பஸ் மக்கர் பண்ணினால் பானட்டைத் திறக்கலாம்.

இந்த நேரத்தில்தான் நீ போட்டிக்கு என் பேரைக் கொடுக்கச் சொன்னாய். பயிற்சியாளரை உனக்குத் தெரியும். நீங்கள் எல்லாரும் ‘மெதுவா சார்’ என்று கூப்பிடுவீர்களே, அவரேதான். அவர் என்னை ஒரு நாள் சோதித்துப் பார்த்தார். புல்லில் எல்லாம் சுமாராக அடித்தேன். ஆனால் பந்து பங்கர் என்கிற அந்த மணற்குழிக்குள் விழுந்தால் நான் ஒழிந்தேன். காரணம் அவர்தான் கண்டுபிடித்தார். “சார், மெதுவா. இது ஸ்டியரிங் இல்லை, இப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க. காலை மணல்ல புதைச்சுக்குங்க. மட்டையோட முகத்தை வானம் பார்க்கத் திறந்து வைங்க. மேலே தூக்கும்போதே மணிக்கட்டு மடங்கணும். கீழே வரும்போது பந்தை அடிக்கக் கூடாது, பந்துக்கு ரெண்டு அங்குலம் பின்னாடி மணலை அடிங்க. அடிச்சதும் கையை நிறுத்தாதீங்க, அது பாட்டுக்கு மேலே போகட்டும். மணலே பந்தைத் தூக்கிட்டுப் போயிரும்.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தை அடிக்கிற விளையாட்டில் பந்தை அடிக்காதே என்கிறார். தவிர, முப்பத்தாறு வருஷம் எதையும் இடிக்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். மணல் கிட்டே வந்ததும் என் வலது கால் தானாகப் பிரேக்கை அழுத்துகிறது, கை அப்படியே நின்றுவிடுகிறது.

சரி, வீட்டிலேயே பழகிக்கொள்வோம் என்று இரண்டு மூட்டை மணல் வாங்கி மொட்டை மாடிக்குச் சுமந்து போய், பழைய பிளாஸ்டிக் குளியல் தொட்டியில் கொட்டினேன். முதல் நாள் மணலெல்லாம் மாடியைத் தாண்டிப் பறந்து எதிர்வீட்டு ஜன்னலில் விழுந்தது. அந்த வீட்டு நர்ஸ் அம்மா, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர், மழை என்று நினைத்து எழுந்து துணி எடுக்க ஓடினார். இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டி மூடியில் விரிசல். மூன்றாம் நாள்தான் பெரிய கூத்து. மெதுவா சார் சொன்னாரே, பிடியைத் தளர விடுங்கள் என்று. விட்டேன். மட்டை கையை விட்டுக் கிளம்பி, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையில் ஒரு கை வழியாக நுழைந்து மறு கை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, “இவர் உங்க ஆளுங்களா?” என்று கேட்டார்.

பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் உன் அக்கா, மாடிப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் உள்ளதுதான். வீட்டுக்காரர் இறங்கிப் போனதும், “என்ன மனுஷன் நீங்க! எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து இழுக்கறீங்க. துணி வெட்டறப்ப இப்படியா வெட்டுவாங்க? முதல்ல தோள் போகணும், அப்புறம் முழங்கை, கடைசியாத்தான் மணிக்கட்டு திரும்பும். இங்க குடுங்க” என்று மட்டையைப் பிடுங்கினாள். பிடுங்கினது எந்தக் கையால் தெரியுமா? மெல்ல மேலே தூக்கினாள். மணிக்கட்டு மடங்கியது. டாக்டரம்மா மூன்று வாரமாகக் கெஞ்சியும் அரை அங்குலத்துக்கு மேல் மடங்காத கை! நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். சட்டென்று மட்டையை என்னிடம் கொடுத்து, “வலிக்குது” என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி, “எனக்குப் புரியலை, இன்னொரு தடவை காட்டு” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடி. நான் தப்பாக அடிப்பேன், அவள் தலையில் அடித்துக்கொண்டு சரியாகக் காட்டுவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இருபது தடவை. பந்தை அமுக்கச் சொன்னால் அழுகிறவள், என் முட்டாள்தனத்தைத் திருத்துவதென்றால் வலியை மறந்துவிடுகிறாள். இப்போது ஒரு ரகசியம், உன்னோடு இருக்கட்டும். பன்னிரண்டாம் நாள் எனக்கு அந்த அடி வந்துவிட்டது. மதியம் புல் வெட்டி முடித்து, ஆளில்லாத நேரத்தில் ஒன்பதாவது குழிப் பக்கத்து மணலில் இறங்கினேன். உன் அக்கா சொன்ன மாதிரியே தோளை விட்டேன், முழங்கையை விட்டேன், மணிக்கட்டு தானாகத் திரும்பியது. புஸ்ஸென்று ஒரு சத்தம். பந்து மணலோடு எழுந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பூ மாதிரி உட்கார்ந்தது. தொடர்ந்து ஏழு பந்து. ஏழும் வெளியே! வீட்டுக்கு ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. எனக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் அவள் எதற்காக இனிமேல் காட்டுவாள்? அன்றைக்குச் சாயங்காலம் பந்தைத் தண்ணீர்த் தொட்டியிலேயே அடித்தேன். வேண்டுமென்று தப்பாக அடிப்பது லேசு இல்லை, அதற்கும் ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது.

இனிப் போட்டி. கடைசிக் குழி வரைக்கும் நாம்தான் முன்னால். என் பந்து மணலில் விழுந்தது. மூன்று அடிக்குள் வெளியே எடுத்தால் கோப்பை நமக்கு. எனக்கு ஒன்றே போதும் என்று எனக்குத் தெரியும். காலைப் புதைத்து நிமிர்ந்து பார்த்தால், வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் உன் அக்கா நிற்கிறாள். வரமாட்டேன் என்று சொன்னவள் வந்திருக்கிறாள். முதல் அடியை வேண்டுமென்றே மணலில் நிறுத்தினேன். உடனே அவள் வலது கையைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி விரித்துக் காட்டினாள், அத்தனை பேர் நடுவிலும். இரண்டாவதும் நிறுத்தினேன், இன்னும் வேகமாகக் காட்டினாள். நாலு, ஐந்து, ஆறு. கை எவ்வளவு தாராளமாகச் சுழல்கிறது தெரியுமா! மெதுவா சார், “சார், மெதுவா... சார், சீக்கிரம்!” என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாகப் பேசினார். எனக்கு எங்கே கேட்டது? பத்தாவதில் அவள் தலைக்கு மேலேயே கையைச் சுழற்றினாள். போதும் என்று மனசு நிறைந்து பதினோராவதில் வெளியே அடித்தேன். கோப்பை போய்விட்டது. மெதுவா சார் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் சொல், நீ அந்த மணலில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஆகையால் செயலாளரிடம் அத்தானுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. உன் அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை விட்டுவிடாதே. முழுசாகக் குணமாக இன்னும் இரண்டு மாதமாவது நான் தப்பாக அடிக்க வேண்டியிருக்கும். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் கண் நிறைய, மனசு நிறைய வளரட்டும். நீங்கள் எல்லாரும் கையும் காலும் சுகமாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. எழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். வலது கையால்தான் எழுதுகிறேன். அவர் கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்; மேஜையில் கிடந்ததைப் படித்துவிட்டேன். கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், அவர் திருப்பிப் பார்க்கிறவர் இல்லை. அவருக்கு அந்த அடி வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாரே என்று கொடுக்கப் போனேன், வேலி ஓரமாக நின்று ஏழு பந்தையும் பார்த்தேன். தனியாக நின்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். கை சரியாகிப் பதினைந்து நாள் ஆகிறது, அவருக்குத் தெரியாமல் போய்க் காட்டினேன், டாக்டரம்மா இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டியில் நான் கையை ஆட்டியது சொல்லிக் கொடுக்கவா? “போதும், அடிச்சுத் தொலைங்க” என்று ஆட்டினேன்! நீயே சொல், தம்பி. ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து, புல் வெட்டப் போகாத நாளெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்து போகிற பஸ்ஸை எல்லாம் “லேட்டு, லேட்டு” என்று சொல்லிக்கொண்டு, வேறு பேச்சே இல்லாமல் இருந்தார். முப்பத்தாறு வருஷம் பஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தே பேசிப் பழகிய மனுஷன். அந்த மாடியில்தான் என் முகத்தை நேராகப் பார்த்து ஒரு மணி நேரம் பேசுகிறார். அதனால் நீ அவரிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளாதே. நாளைக் காலையிலிருந்து நான் மிஷினில் உட்காரப் போகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும் கை கொஞ்சம் வலிக்கும்.