ராசா வருவதற்கு முன் ஐந்து திரி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஒரு பாட்டைக் கேட்பதற்கு எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்பது பற்றி அண்மைக்காலம் வரை எந்த அலுவலகத்திடமும் ஒரு கொள்கை இருக்கவில்லை. இந்தப் பெருங்குறை நிவர்த்தி செய்யப்பட்ட வரலாற்றை இங்கே பணிவுடன் பதிவுசெய்கிறேன். நான் பக்கஞ்சாராதவன். கூத்துப்பாட்டுக் கேட்டால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி ஓடுகிறவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு நலன் கிடையாது.

குருநகரில் லவீனா என்றொரு பெண். கணினி படித்தவள். அவளுடைய தெரு முழுக்கக் கூத்துப் பைத்தியங்கள். பெருநாளுக்குக் கூத்து மேடையேறினால் முடியும்வரை அசையாமல் இருந்து பார்த்துவிட்டு, எந்த ஊர் ராசா நன்றாகப் பாடினான் என்று மிச்சப் பதினொரு மாதமும் சண்டை பிடிப்பவர்கள். சண்டைக்குச் சாட்சி வேண்டும் அல்லவா? அதற்காக லவீனா கைபேசிக்கு ஒரு செயலி செய்தாள். பெயர் 'களரி'. திறந்தால் திரை நிறைய ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அமத்தினால் ராசா வரவு, அதாவது ராசா மேடைக்கு வரும்போது பாடுகிற பாட்டு, உடனே ஒலிக்கும். இன்னொருதரம் அமத்தினால் அடுத்த ஊர் ராசா. அவ்வளவுதான்.

பொத்தான் அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் கொலின்ஸ். கடலுக்குப் போகிறவர், வாயாடி, களரியின் முதல் பாவனையாளர்.

"பிள்ளை, என்ரை கையிலை எப்பவும் மீன்செதிளும் வழும்பும். சின்னச் சின்னப் பெட்டியளை அமத்த ஏலாது," என்று அவர் முதலே சொல்லியிருந்தார். "ஒரு அமத்து, ஒரு பாட்டு. செய்வியோ?"

"செய்வன் அண்ணை. ஒரு அமத்து, ஒரு பாட்டு. அதிலை மாற்றமில்லை."

அதை ஒரு துண்டில் எழுதித் தன் கணினிக்கு மேலே ஒட்டியும் வைத்தாள். பட்டத்தைவிட அந்தப் பொத்தானைப் பற்றித்தான் அவளுக்குப் பெருமை. முந்நூறு பேரளவில் பாவித்தார்கள்.

குறை ஒன்றே ஒன்று. பாட்டுகளெல்லாம் சனங்கள் கைபேசியில் பதிந்தவை. ராசா தன் குலப்பெருமையைப் பாடும்போது பின்னால் "கச்சான், கச்சான்" என்று ஒருவர் கடலை விற்றுக்கொண்டு போவார். நல்ல ஒலிப்பதிவுகள் ஓரிடத்தில் இருந்தன. அவை மரபிசை எண்ணிமச் செயலிகள் நெறிப்படுத்தல் அலகின் மூன்றாம் மாடியில், இரும்பு அலுமாரிக்குள் இருந்தன.

இந்த அலகு தொடங்கி ஆறு வருடம். நெறிப்படுத்துவதற்கு ஒரு செயலியும் இல்லாத காரணத்தால், ஆறு வருடத்தில் ஒரு முறைகேடுகூட நடக்காமல் பார்த்துக்கொண்ட பெருமை அதற்கு உண்டு. பதில் பணிப்பாளர், அதாவது தற்காலிகப் பணிப்பாளர், திரு. சோமசேகரம். ஆறு வருடமாகப் பதில். நிரந்தரமாவதற்கு ஏதாவது ஒன்றை நெறிப்படுத்திக் காட்ட வேண்டும் என்று மனிதர் ஏங்கிக்கொண்டிருந்த வேளையில் லவீனா கதவைத் தட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமத்தினார். மத்தளம் அதிர, ராசா வந்தார். சோமசேகரம் கைபேசியை மேசையில் போட்டுவிட்டார்.

"பிள்ளை, பாட்டு உடனை வந்திட்டுது."

"ஓம் சேர். அதுதான் இதின்ரை சிறப்பு."

"வரவேற்புரை எங்கை?"

"பாட்டுக்கோ சேர்?"

"ஒரு நிகழ்வு எண்டால் ஒரு ஒழுங்கு இருக்கெல்லோ. மங்கல விளக்கேற்றல் இல்லை. ஆசியுரை இல்லை. தலைமையுரை இல்லை. ஆரும் தலைமை தாங்காமல் ராசா தன்ரை பாட்டிலை வந்து பாடினால் அது என்ன ராசா? கூத்திலையே கட்டியகாரன் வந்து சொல்லித்தானே ராசா வாறவர்?"

உண்மையிலேயே கூத்தில் கட்டியகாரன் முன்னால் வந்து சொல்லிவிட்டுத்தான் போவான். ஆனால் அவன் போய்விடுவான் என்பது லவீனாவுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அலுமாரித் திறப்பு சோமசேகரத்தின் இடுப்பில் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஒரு சின்ன வரவேற்புரை போடுறன் சேர். ஆனால் பாட்டு ஒரு அமத்திலை வர வேணும்."

"ஒரு அமத்திலைதான் வரும், பிள்ளை. கொஞ்சம் பொறுத்து வரும்."

அடுத்த திங்கட்கிழமை அலகின் முகாமைத்துவ உதவியாளர் பத்மாசினி நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்து கொடுத்தார். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, நான்கு சமயத்துக்கும் நான்கு ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், ராசா வரவு, நன்றியுரை. வாழ்த்துரைகள் என்பதற்கு நேரே எண் போடாமல் இடம் விடப்பட்டிருந்தது.

"இடம் ஏன் விட்டிருக்கிறியள் அக்கா?" என்று லவீனா கேட்டாள்.

"வாழ்த்துறவை எத்தினை பேர் எண்டு முதலே சொல்ல ஏலாது, தங்கச்சி. அது மழை மாதிரி."

திரையில் இப்போது ஒரு குத்துவிளக்கு. ஐந்து திரி. ஐந்தும் எரிந்தால்தான் அடுத்த கட்டம். லவீனா ஒரு விரலால் ஐந்தையும் ஏற்றிக் காட்டினாள். சோமசேகரம் கவலையோடு தலையாட்டினார்.

"ஐஞ்சு திரியையும் ஒரே ஆள் ஏத்தினதை நீர் எங்கையாவது கண்டிருக்கிறீரோ? ஒவ்வொரு திரிக்கும் ஒவ்வொரு ஆள். அதோடை மேலிடத்திலையிருந்து சுற்றறிக்கை ஒண்டு வந்திருக்கு. இனிமேல் எல்லாத்திலையும் செயற்கை நுண்ணறிவு இருக்க வேணுமாம். எங்கை வைக்கிறதெண்டு நானும் தேடிக்கொண்டு இருந்தனான். இதிலை வையும்."

ஆகவே, ஒவ்வொரு திரி ஏறும்போதும் முகத்தைப் பார்த்து, முன்பு வந்த முகமா புது முகமா என்று செயலி சோதிக்கும்படி செய்யப்பட்டது. இரவு பகலாக இரண்டு கிழமை அவள் இதற்காக உழைத்தாள். ஒருதரம் அழுதும்விட்டாள். ஆனால் அலுமாரி திறந்தது. கச்சான் சத்தமில்லாத ராசாக்கள் நாற்பத்திரண்டு பேர் அவள் கைக்கு வந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் அவள் மற்றதையெல்லாம் மன்னித்தாள்.

வெள்ளோட்டத்துக்குக் கொலின்ஸ் கடலுக்குக் கொண்டுபோனார். போட்டில் அவரும் கூடத் தொழில் செய்கிற லெனாட்டும் இரண்டே பேர். அவர் ஒரு திரி, லெனாட் ஒரு திரி. மூன்றாவதற்கு ஆளில்லை. கை தட்டிக் கூப்பிட்டு கொழும்புத்துறைப் போட் ஒன்றைப் பக்கத்தில் அணைத்தார்கள். அதில் இரண்டு பேர். நாலு திரி. ஐந்தாவது முகத்துக்கு அந்தக் கடலில் ஒரு மனிதப்பிறவியும் இல்லை. கொலின்ஸ் யோசித்தார். போட்டுக்குள் கிடந்த பாரை மீன் ஒன்றைத் தூக்கிக் கைபேசிக்கு நேரே பிடித்து, அதன் செட்டையால் ஐந்தாவது திரியைத் தொட்டார்.

"விளக்கேற்றிய பிரதம விருந்தினர் அவர்களுக்கு எமது நன்றிகள்," என்றது செயலி.

இந்தச் செய்தி அலகுக்கு அறிக்கையாகப் போனது. அதில் சோமசேகரத்தை நோகடித்தது மீன் அல்ல. அன்று காலை அலுவலகத்தில் அவர் தன் முகத்தை மூன்றுதரம் காட்டியும் செயலி ஏற்கவில்லை, மீனை ஒரே தரத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

"வெளிச்சம் காணாது சேர்," என்று பத்மாசினி ஆறுதல் சொன்னார்.

"மீனுக்கு மட்டும் எப்பிடிக் கண்டது?"

"அது பிடிபட்டு வந்தது சேர். அசையாமல் பாத்திருக்கும்."

இதற்கிடையில் வாழ்த்துரைகள் வந்துகொண்டேயிருந்தன. செயலி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட சங்கத் தலைவர்கள், முன்னாள் தலைவர்கள், முன்னாள் தலைவரோடு கோபித்துக்கொண்டு வேறு சங்கம் தொடங்கிய தலைவர்கள் எல்லோரும் ஒலிப்பதிவு செய்து அனுப்பினார்கள். கூத்து ரசிகர்கள் சார்பில் என்னிடமும் கேட்டார்கள். நான் நேரத்தின் அருமை தெரிந்தவன். பதினொரு நிமிடத்தில் முடித்துக்கொண்டேன்.

"உரையளைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைக்கட்டோ?" என்று லவீனா கேட்டாள்.

சோமசேகரம் முகம் கறுத்துவிட்டது. "வாழ்த்துரை நடக்கேக்கை எழும்பிப் போற ஆக்களை எங்கடை சமூகம் என்ன சொல்லும் பிள்ளை? நீர் அதுக்குப் பொத்தான் வைக்கப் போறீர்."

வைக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது விளக்கேற்றல் முதல் கடைசி வாழ்த்துரை வரை ஐம்பத்தாறு நிமிடம் வந்தது. ராசா வரவு ஏழு நிமிடம். மணித்தியாலத்தைத் தாண்டுகிற எந்த நிகழ்வுக்கும் மேலதிக அனுமதி வேண்டும் என்பது அலகின் விதி. ஆகவே ராசா முதல் நாலு அடியைப் பாடியதும், "நேரமின்மை காரணமாக ராசா அவர்கள் தமது பாடலை இத்துடன் நிறைவு செய்கிறார்" என்று பத்மாசினியின் குரல் சொல்லும்படி ஏற்பாடாயிற்று. உடனே ராசாவைக் கௌரவிக்கும் முகமாக மேலிருந்து ஒரு பொன்னாடை இறங்கித் திரையை முழுதாக மூடும். நிறுத்துகிற பொத்தானும் அதற்குள்ளேதான். எனவே நன்றியுரையை யாரும் தவறவிட முடியாது.

வெளியீட்டு விழாவில் ஒரு தத்துவச் சிக்கல் எழுந்தது. நூல் என்றால் முதற்பிரதி கொடுக்கலாம். செயலிக்கு எதைக் கொடுப்பது? பல சுற்றுப் பேச்சுக்குப் பின் ஒரு கைபேசியில் களரியை ஏற்றி, பொன்னிறத் தாளில் சுற்றி, தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். நம் பகுதியில் எந்த விழாவானாலும் முதற்பிரதி பெறுகிறவர் தம்பிஐயா. இரண்டு கையாலும் வாங்கி, படத்துக்கு நின்று, வழக்கப்படி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அது லவீனாவின் சொந்தக் கைபேசி. முதற்பிரதியைத் திருப்பிக் கேட்பது மரபில்லை என்று அவளுக்கு விளக்கப்பட்டது. அவளுக்குச் 'செயலிச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள், குருநகரிலிருந்து இருபது பேர் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்கள். முன்னால் கொலின்ஸ், கையில் மகஜர். யன்னலால் கண்ட சோமசேகரம் வியர்த்துப்போனார். லவீனாவுக்கோ உச்சி குளிர்ந்தது. கடைசியில் பாவிக்கிற சனமே வந்துவிட்டது. இனி உரைகளெல்லாம் போகும், பொத்தான் திரும்பி வரும், ஒரு அமத்து, ஒரு பாட்டு. அவள் ஓடிப்போய்க் கொலின்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சேர், எங்களுக்குப் பெரிய அநீதி நடந்திருக்கு," என்றார் கொலின்ஸ்.

"சொல்லுங்கோ," என்றார் சோமசேகரம் மெல்லிய குரலில்.

"வடிவாய்ச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் லவீனா.

கொலின்ஸ் மகஜரை விரித்தார். "கொழும்புத்துறைச் சங்கத் தலைவர் அதிலை ஒன்பது நிமிசம் கதைக்கிறார். எங்கடை சங்கத்திலையிருந்து ஒருத்தரும் கதைக்கேல்லை. நாங்கள் என்ன, ஆக்களில்லையோ?"

லவீனா அவருடைய கையைப் பிடித்தாள். "கொலின்ஸ் அண்ணை, பாட்டு? நாலு அடியோடை வெட்டிப்போட்டினம். அதை ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"பாட்டு எங்கை பிள்ளை போகப்போகுது? அது எங்களுக்குப் பாடமெல்லோ. இந்த வாழ்த்துரையள்தான் புதுசு. கடலிலை மீனுகளைக் காட்டி விளக்கேத்திப்போட்டு எல்லாரும் இதைத்தான் கேக்கிறம். நேற்று ஆரோ ஒரு முன்னாள் தலைவர் மற்றவரைச் சாடையாய்க் குத்திக் கதைச்சார். லெனாட் அதை மூண்டுதரம் திருப்பிப் போட்டவன்."

சோமசேகரத்துக்கு உயிர் வந்தது. கோரிக்கை நியாயமானது என்று கண்டு, குருநகருக்கு அரை நிமிட வாழ்த்துரை நாலு அந்த இடத்திலேயே ஒதுக்கினார். ஒன்று கொலின்ஸுக்கு. நேரம்தான் பிரச்சினை. மணித்தியாலம் நிரம்பிவிட்டது. பத்மாசினி கோப்பைப் புரட்டி வழி கண்டுபிடித்தார். கூட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த அறிக்கையை வாசித்ததாகக் கொள்வதில்லையா? அதே விதிப்படி, 'ராசா வரவு சபையோருக்கு ஏற்கெனவே பாடமாகையால் பாடப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி திரையில் வந்து போகும். நாற்பத்திரண்டு ராசாக்களும் பழையபடி அலுமாரிக்குள் போனார்கள். சரியாக மணித்தியாலத்துக்குள் நிகழ்வு முடிந்தது.

களரி அடுத்த மாதம் பதினாலாயிரம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். பாட்டு எங்கே என்று கேட்டு ஒருவர்கூட எழுதவில்லை. சோமசேகரம் நிரந்தரமானார்.

லவீனாவுக்கு வந்த கோபம் ஒரு கிழமையில் வேலையாக மாறியது. யாரிடமும் சொல்லாமல், தன்னிடமிருந்த பழைய கச்சான் சத்தப் பதிவுகளை வைத்து இன்னொரு செயலி செய்தாள். விளக்கில்லை, உரையில்லை, பெயரில்லை. ஒரு சிவப்புப் பொத்தான். அமத்தினால் ராசா. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது.

ஆறு பேர் தரவிறக்கினார்கள். ஒருவர் மட்டும் கருத்து எழுதினார்: "பாட்டு உடனே வருகிறது. ஆனால் இதைச் செய்தது யார் என்று ஒரு சொல்லும் இல்லை. பெரிய குறை."

அதை அவள் பலதரம் வாசித்தாளாம். நியாயம்தானே என்று பட்டதாம். தன்னைப் பற்றி இரண்டே இரண்டு வார்த்தை, பாட்டுக்கு முன்னால், சேர்க்கப்போகிறேன் என்றாள்.

நேற்றுத் திறந்து அமத்திப் பார்த்தேன். லவீனாவின் ஏற்புரை. பத்தொன்பது நிமிடம். தாண்டிப் போகப் பொத்தான் இல்லை. நன்றாகத்தான் பேசியிருக்கிறாள், பொய் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், கொலின்ஸ், பத்மாசினி, சோமசேகரம், தம்பிஐயா என்று ஒருவர் விடாமல் நன்றி சொல்லியிருக்கிறாள். முழுவதையும் இரண்டுதரம் கவனமாகக் கேட்டேன். என் பெயர் இல்லை.

ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு, பாட்டு வர முன்னம் மூடிவிட்டேன்.