மழை நாள் லாபம்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதைவிடப் பெரிய குறை, பேச ஆரம்பித்தால் நிறுத்த வராது.

பத்து வருஷத்துக்கு முன் என் மனைவியின் அண்ணன், அட்டனில் ஓட்டிய வாடகைக் காரை விற்றார். வந்த காசு முழுவதையும் ஒரு லொறிக் கம்பெனியின் பங்குகளில் போட நினைத்தார். விற்பவர் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர். பங்கு ஒன்று முப்பத்தைந்து ரூபாய். கம்பெனியின் ஆண்டறிக்கையோ இங்கிலீஷில். குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான் (தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுபவன், வேறொன்றுமில்லை).

இரண்டு நாள் லீவு போட்டுப் படித்தேன். எங்கள் லயத்து வீட்டில், கிளாக்கர் முன்னிலையில், தரையைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னேன்.

"பங்குக்கு நாலு ரூபா லாபம் மச்சான். லாபத்தைப் போல பத்து மடங்குதான் பங்கு விலைன்னு கணக்கு, அப்படிப் போட்டா நாப்பது பெறும். இந்த வருஷம் வரியும் இல்ல! புது லொறிங்க வாங்கினதால கவர்மெண்டுல தள்ளுபடி குடுத்திருக்காங்க. எப்பேர்ப்பட்ட கம்பெனி!"

கிளாக்கர் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மச்சான் பணப்பையை அவிழ்த்தார்.

மழையில் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த என் மனைவி, தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, அடுத்த வருஷமும் புது லொறி வாங்குவாங்களா?"

"எதுக்கு? அதான் வாங்கிட்டாங்களே."

"அப்ப வரி வருமில்ல?"

நான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திரும்பப் புரட்டினேன்.

"இது மழை நாள் கொழுந்துங்க. நிறுத்துட்டு, தண்ணிக்குன்னு நாலு ராத்தல் கழிச்சுத்தானே எழுதுறாங்க? நீங்க தண்ணியையும் சேத்து அண்ணன் தலையில கட்டுறீங்களே!"

மச்சான் பையை முடிந்தார். "மாப்ள, தங்கச்சிக்கிட்டயே படிக்கக் குடுத்திருக்கலாம்."

கிளாக்கர் எதையும் மறைக்கவில்லை. லொறி விஷயம் கடைசிப் பக்கத்தில் அச்சாகியே இருந்தது. நான் பெருமையாக வாசித்ததே அதைத்தான். வழக்கமான வரியைக் கழித்தால் லாபம் இரண்டரை ரூபாய், பங்கு இருபத்தைந்துதான் பெறும். கிளாக்கர் சிரித்துக்கொண்டு அந்த விலைக்கே கொடுத்தார். (வெற்றிலைத் தட்டு மனைவி பக்கம் போய்விட்டது.)

போன மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நனைந்த கம்பளியோடு தராசில் ஏறினேன்.

"நல்லா தேறிட்டீங்களே!" என்றார் மருந்து கொடுப்பவர்.

கூட வந்த மச்சான் வாசலிலிருந்தே கத்தினார்: "ஐயா, தண்ணிய நீங்களே கழிச்சிருங்க! அவரு கழிக்க மாட்டாரு!"

வரிசை முழுவதும் சிரித்தது. மருந்து கொடுப்பவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நாலு ராத்தல் கழித்து எழுதினார்.