ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்

பேட்டரியிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, காரின் பானட்டை ஓசைப்படாமல் மூடிக்கொண்டிருந்த மெக்கானிக், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்படியே அதன்மேல் சாய்ந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டார்.

வந்தது அவர் மனைவி. "என்னங்க, இருட்டற நேரத்துல காரோட என்ன பேச்சு?"

"கிளம்ப மாட்டேங்குது. நாளைக்குப் போக முடியுமான்னு தெரியல."

ஊரில் உள்ள கார்களையெல்லாம் ஓட வைப்பவர், சொந்தக் கார் ஓடவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது. அதனால், ஒரு பாகம் போய்விட்டது, திங்கட்கிழமைதான் கடை திறக்கும் என்று ஒரு வால் சேர்த்துச் சொன்னார். மனைவி காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், எவ்வளவு ஏமாற்றம் என்று அவருக்கு மனசு கரைந்தது. ஆனாலும் கம்பியை மாட்டவில்லை.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வளர்ந்த பிள்ளைகளோடு வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே போய் வாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கையைவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஒரு டீச்சர் சொன்னார். எல்லாப் பெற்றோரும் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள். நம் மெக்கானிக் மட்டும் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று, ஒரு சட்டம் போட்டார். இனி ஒவ்வொரு ஞாயிறும் குடும்பத்தோடு ஏரிக்கரைத் தோட்டம். வீட்டுச் சாப்பாடு. போன்களெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டிலேயே இருக்கும். பதினாறு வயதுப் பெரியவளும் பதின்மூன்று வயதுச் சின்னவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்ல ஐடியாப்பா," என்றாள் பெரியவள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முதல் இரண்டு ஞாயிறு இனித்தது. மூன்றாவது ஞாயிறே அவருக்கு உண்மை புரிந்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற மனிதர் அவர். ஏழாவது நாளும் மல்லாந்து கிடக்கத்தான் ஆசை, ஆனால் மேலே எதுவும் சொட்டாத ஓர் இடத்தில். எறும்பு ஊறாத, பந்து வந்து விழாத, "குழந்தைகளா, அந்தப் பறவையைப் பாருங்கள்" என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிராத, அவருடைய சொந்த சோபாவில்.

அதை எப்படிச் சொல்வது? மருந்துக் கடையில் வாரம் முழுக்க நின்றே வேலை பார்க்கிற மனைவி, ஞாயிறு விடிவதற்குள் எழுந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைக்கிறாள். பெரியவள் தோட்டத்தில் சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கிறாள். சின்னவன் ஒவ்வொரு வாரமும் திரும்பி வரும்போது "சூப்பர்ப்பா" என்கிறான். சட்டம் போட்டவனே அதை மீறினால் பிள்ளைகள் என்ன நினைக்கும்? எனவேதான் பேட்டரிக் கம்பி.

அரை மணி நேரம் கழித்து மனைவி வாசலுக்கு வந்து, கவலைப்பட வேண்டாம் என்றாள். "தம்பிகிட்ட சொல்லிட்டேன். ரொட்டி வேன் நாளைக்குச் சும்மாதான் நிக்குதாம். அவனே எடுத்துக்கிட்டு வர்றேன்னுட்டான்."

மைத்துனன் ஒரு பேக்கரியில் வேன் ஓட்டுகிறவன். வாரம் முழுக்க எல்லாருக்கும் முன்னால் எழுந்து கடை கடையாக ரொட்டி இறக்குகிறவன். அவனுக்கும் இருப்பது ஒரே ஞாயிறு. தன்னுடைய ஒரு பொய் இன்னொரு மனிதனின் தூக்கத்தையும் தின்றுவிட்டதே என்று மெக்கானிக்குக்கு உறுத்தியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. இப்போது நான்கு பேர் இல்லை, ஐந்து பேர்.

மறுநாள் காலை அவர் அடுத்த ஆயுதத்தை எடுத்தார். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் மக்ரோனி வெந்துகொண்டிருந்தது. மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து உப்பு ஜாடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறினார். சாப்பாடு வாயில் வைக்க முடியாது என்றால் பயணம் எதற்கு? ஹாலுக்கு வந்து ஒன்றும் தெரியாதவர் போல ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார்.

மனைவி வந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். முகம் எலுமிச்சம்பழம் கடித்தது போல ஆனது. கரண்டியோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவர் நம்பிக்கையோடு பிரஷ்ஷை நிறுத்தினார். சோபாவின் மெத்தை அவர் மனக்கண்ணில் உப்பி எழுந்தது.

"உப்பு ஒரு கை தூக்கலாப் போச்சு," என்றாள் அவள். "அதனால என்ன, இன்னும் ரெண்டு பாக்கெட் போட்டா சரியாயிடும்."

இரண்டு பாக்கெட் போதவில்லை. மூன்றாவதும் போட்டாள். நான்கு உருளைக்கிழங்கு, வீட்டில் இருந்த கேரட் எல்லாம் போட்டாள். மக்ரோனி ஊதிப் பெருத்து, ஒரு பாத்திரம் இரண்டாகி, கடைசியில் விருந்தாளிகள் வந்தால் மட்டுமே பரணிலிருந்து இறங்குகிற அண்டாவுக்கு மாறியது. அண்டாவைத் தூக்கி வேனில் வைக்க வேண்டியவர் யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

அண்டாவைப் பார்த்ததும் அவருக்கு மூன்றாவது யோசனை வந்தது. குனிந்தார், அதன் இரண்டு காதையும் பிடித்தார், அப்படியே நின்றுவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். வீடே ஓடி வந்தது. வேனோடு வந்திருந்த மைத்துனன் தோளைப் பிடித்தான். சின்னவன் தைலத்தைக் கொண்டுவந்தான். பெரியவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்.

"ரொம்ப வலிக்குதாப்பா? இன்னைக்குப் போக முடியாதா?"

அவள் கண்கள் அகல விரிந்து பளபளத்தன. அழப்போகிறாள் என்று அவர் நினைத்தார். இவ்வளவு பெரிய பெண், தோட்டத்துக்குப் போக முடியாதோ என்று கண் கலங்குகிறாளே. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பெற்ற மனசு கேட்கவில்லை.

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்மா," என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

பிறகு மைத்துனன்தான் வழி சொன்னான். மாமாவை உட்கார வைக்க வேண்டாம், வேனின் பின்பக்கம் ரொட்டித் தட்டுகளை ஒதுக்கி, போர்வை விரித்துப் படுக்க வைத்துவிடலாம். அப்படியே செய்தார்கள். அண்டா கவிழாமல் இருக்க அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே அதை நிறுத்தினார்கள்.

வேன் கிளம்பியது. மேலே பார்த்தபடி மல்லாந்து கிடந்தார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வண்டிக்குள் மல்லாந்து கிடக்கிறோமே என்று நினைத்து முடிப்பதற்குள் முதல் வேகத்தடை வந்தது. முதுகு இரும்புத் தரையில் மோதித் திரும்பியது. இரண்டாவது தடையில் அண்டாவின் மூடி எழும்பி, சூடான மக்ரோனி கொஞ்சம் முழங்காலில் விழுந்தது. மூன்றாவது தடையைத் தாண்டியபோது பொய்யாகப் போட்ட வலி மெய்யாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னாலிருந்து மனைவி, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இப்போதுதான் ரொம்பச் சுகம் என்று பதில் சொன்னார். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டும் சின்னவன் தட்டுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டும் வந்தார்கள்.

ஏரிக்கரைத் தோட்டத்தில் கூட்டமே இல்லை. அது அப்படித்தான். ஒரு புல்வெளி, நாலு மரம், ஒரு குழாய், மூன்று வாத்து. ரப்பர் பூட்ஸ் போட்ட தோட்டக்கார அம்மா கையில் தண்ணீர்க் குழாயோடு தூரத்தில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் மெக்கானிக்குக்குக் கடைசி வழி பிறந்தது. அவரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசினால் போதும். ஆனால் தனியாகப் பேச நேரம் கிடைத்தால்தானே.

சின்னவன் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று அந்தப் பக்கம் ஓடினான். அவன் வந்ததும் பெரியவள் கை கழுவப் போனாள். அவள் திரும்பியதும் மனைவி, உட்காருகிற இடத்தைக் கூட்டத் துடைப்பம் கேட்டு வருகிறேன் என்று போய், துடைப்பமில்லாமல் வந்தாள். பிறகு மைத்துனன் வேனை எங்கே நிறுத்தலாம் என்று விசாரிக்கப் போனான். வேன் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. இந்தக் குடும்பத்தில் ஒருவராவது ஐந்து நிமிஷம் ஓர் இடத்தில் உட்காருகிறார்களா, எத்தனை உற்சாகம் என்று நொந்துகொண்டே, கடைசியில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார்.

தோட்டக்கார அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். தான் வாராவாரம் வருகிறவன் என்றும், இன்று உடம்பு சரியில்லை என்றும், ஆனால் பிள்ளைகளிடம் சொன்னால் ஒடிந்துபோவார்கள் என்றும் விளக்கினார்.

"நீங்க ஒரு உதவி பண்ணணும்மா. புல்லுக்குப் பூச்சி மருந்து அடிச்சிருக்கு, இன்னைக்கு யாரும் உட்காரக் கூடாதுன்னு வந்து சொல்லிடுங்க. நான் சொன்னதாத் தெரியக் கூடாது."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு குழாயை வெகுநேரம் சரிசெய்தார். தோள் குலுங்கியது. தோட்ட வேலையில் தூசி, இருமல்தான் போலிருக்கிறது என்று மெக்கானிக் இரக்கப்பட்டார்.

அவர் திரும்பி வந்து மரத்தடியில் சாய்ந்த சிறிது நேரத்தில் அந்த அம்மா பூட்ஸ் சத்தத்தோடு வந்து நின்றார். போலீஸ்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டு, புல்லுக்கு மருந்து அடித்திருக்கிறது, யாரும் உட்காரக் கூடாது, தயவுசெய்து எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை, வாத்துகளைத்தான் பார்த்தார்.

"ஐயையோ," என்றாள் மனைவி.

"என்ன பண்றது, உடம்பு முக்கியம்," என்றான் மைத்துனன், அதற்குள் அண்டாவைத் தூக்கியிருந்தான்.

திரும்பும் பயணத்தில் வேகத்தடைகள்கூடப் பஞ்சாக இருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்டாவைக் கூடத்தின் நடுவில் வைத்து, சுற்றித் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கிண்ணம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். உப்புக் கொஞ்சம் முன்னே நின்றது. யாரும் குறை சொல்லவில்லை, எல்லாரும் இரண்டாவது முறை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் சின்னவன் மைத்துனனின் வயிற்றைத் தலையணையாக்கிப் படுத்தான், இருவரும் ஒரே சுருதியில் குறட்டை விட்டார்கள். மனைவி காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, வாய் லேசாகத் திறந்தபடி கண்ணயர்ந்தாள். மெக்கானிக் சோபாவில் மல்லாந்தார். மேலே வெள்ளைக் கூரை. எதுவும் சொட்டவில்லை.

பெரியவள் வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். போன் இன்னும் பிஸ்கட் டப்பாவிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டாள் போல. வகுப்பில் தனக்கும் தன் தோழிக்கும் ஒரு மாதமாகப் பேச்சில்லை என்பதையும், யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் இருவரும் தவிப்பதையும் தானாகவே சொன்னாள். தோட்டத்தில் மூன்று மாதம் உட்கார்ந்தும் அவள் இத்தனை வார்த்தை பேசியதில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். நீயே முதல்ல பேசிடேன் என்று மட்டும் சொன்னார். "ம்," என்று தலையாட்டிவிட்டு அவள் அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.

இப்படி நிம்மதியாக ஒரு பகல் அவர் வாழ்க்கையில் போய் நாளாகிவிட்டது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். இவ்வளவு தங்கமான பிள்ளைகள். ஆசையாகக் கிளம்பி, ஏமாந்து திரும்பி, அப்பாவுக்காக ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கிடக்கிறார்களே. நம்முடைய சோம்பலுக்காக இவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்தோமே. நினைக்க நினைக்க சோபா முள்ளாகக் குத்தியது.

வெயில் தாழ்ந்ததும் மெல்ல எழுந்து, பேட்டரிக் கம்பியை மாட்டி, ஒரு டப்பா நிறைய மக்ரோனியோடு தோட்டத்துக்குக் காரை விட்டார். தோட்டக்கார அம்மா பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். டப்பாவைக் கொடுத்து நன்றி சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த ஞாயிறு தான் காலில் விழுந்து கேட்டாலும் மருந்து என்று சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

"புள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியலைம்மா. எனக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்ல, அவங்க சந்தோஷம்தான் முக்கியம்."

அந்த அம்மா டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, உப்புக்கு முகம் சுளித்து, விழுங்கிய பிறகு சொன்னார்.

"சார், உங்களுக்கு முன்னாடியே உங்க வீட்டு ஆளுங்க நாலு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரா வந்து, உங்க மனசு நோகாம எப்படியாவது எல்லாரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க, என்ன சாக்கு சொல்றதுன்னு தெரியாம நான் முழிச்சுக்கிட்டு நின்னேன், நல்லவேளை, அஞ்சாவதா நீங்களே வந்து எடுத்துக் கொடுத்தீங்க."