பெட்டியின் வாயை அடைத்த சாமியார்

கால்வாயில் இருபது படகுவீடுகள். கரையில் இருநூறு தலைகள். நடுவே ஒரே ஒரு சாமியார்.

செல்லங்களா, இவர் மனிதர் வாயை அடைப்பவரல்ல, பெட்டியின் வாயை அடைப்பவர். ஒவ்வொரு படகின் கூரையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி உண்டு. அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு கசிந்தால் கத்துவதற்காக மாட்டியது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குளிர் தொடங்கியதும் ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்தார்கள். பெட்டிகள் கத்தத் தொடங்கின.

"அது சும்மா கத்தலை. தண்ணிப் பேயைக் கூப்பிடுது!" என்றார் சாமியார்.

போதாதா? ஆளுக்கொரு பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். அவர் வாங்கிப் போர்வைக்குள் விடுவார். உதடு முணுமுணுக்கும். வெளியே வரும் பெட்டி கப்சிப். அவர் மார்பிலோ திரியும் எண்ணெயும் இல்லாமல் ஒரு ஞானவிளக்கு எரிந்தது. எப்படி எரிகிறது என்று கேட்டால் கண் போய்விடுமாம். மூளைதான் போய்விட்டது, கண்ணாவது மிஞ்சட்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெயிண்டர் வீட்டுப் பெட்டியும் ஊமையானது. நாலாம் நாள் அவன் மனைவி வாந்தியும் தலைவலியுமாகச் சுருண்டு விழுந்தாள். பகலெல்லாம் வெளியே சுற்றும் அவனுக்கு ஒன்றுமில்லை. அடுப்படியே கதியென்று கிடப்பவளைத்தான் பேய்க்குப் பிடித்திருக்கிறது!

சாமியார் வந்தார், கூட்டத்தோடு. "கதவு, ஜன்னல் எல்லாம் சாத்துங்க. அடுப்பு அணையக் கூடாது. மூணு நாள் இவ உள்ளேயே கிடக்கணும்."

"மூணு நாளா? மூணாம் நாள் தூக்கிட்டுப் போக நாலு பேரையும் சொல்லி வெச்சுட்டீங்களா?" என்றொரு குரல். பெயிண்டரின் அக்கா, வெல்டர். பட்டறைத் துணியோடு அப்படியே வந்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை. தம்பி மனைவியைத் தோளில் சாய்த்துக் கரைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"எப்போம்மா தலை வலிக்குது?"

"உள்ளே இருந்தாதான் அண்ணி. இப்படி வெளியே வந்தா லேசாகுது."

"அப்போ இந்தப் பேய்க்குக் கரையேறத் தெரியாது போல." அக்கா பெட்டியை எடுத்துவரச் சொல்லி அதன் பட்டனை அழுத்தினாள். சத்தமில்லை.

"பார்த்தியா என் சக்தியை!" என்றார் சாமியார்.

"வாரம் ஒரு தடவை அழுத்திப் பாருன்னு மூடியிலேயே எழுதியிருக்கு. அழுத்தினா கத்தணும். கத்தலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம்." மூடியைத் திறந்தாள். இரண்டு காலிக் குழிகள். "டேய் தம்பி, பேட்டரி எங்கடா?"

"நான்தான்கா உள்ளே மாட்டினேன். பெயிண்ட் கையோட."

"மந்திரத்துல கரைஞ்சிருக்கும்..." சாமியாரின் கை தானாக மார்பு விளக்கை மூடியது.

எல்லோரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் துவண்டு உட்கார்ந்திருந்தவள் எட்டி விளக்கைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்தது. பின்மூடி தெறித்தது. இரண்டு பேட்டரிகள் உருண்டன, ஒன்றில் பெயிண்டரின் நீலக் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று. ஞானம் அணைந்தது.

அக்கா அவற்றைப் பெட்டியில் போட்டு அழுத்தினாள். வீல்! பிறகு, எரியும் அடுப்புள்ள அறையில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். யாரும் தொடவில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பெட்டி தானே அலறியது. அடுப்பை அணைத்து, எல்லாவற்றையும் திறந்துபோட்டு, காற்றோடிய பிறகு உள்ளே போய்ப் புகைக்குழாயைத் தடவினாள். வளைவில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"இதோ, பேய் வர்ற வழி. இதை மாத்துற வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாது. மொதல்ல இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

சாமியார் நழுவப் பார்த்தார். போர்வையைப் பிடித்தார்கள், பொலபொலவென்று பேட்டரி மழை.

"அய்யோ, என் வீட்டுல எல்லாரும் உள்ளேதான் இருக்காங்க!" என்று ஒருவர் ஓட, மற்றவர்களும் ஓடினார்கள். ஒருவர் மட்டும் குனிந்து, அணைந்த விளக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரை என்ன செய்ய?

பெயிண்டர் மனைவி எழுந்து, கணவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அவரைக் கும்பிட ரெண்டு கையையும் தூக்கினீங்களே. இந்தப் பட்டனுக்கு ஒரு விரல் போதுமே, அது எங்க போச்சு?"

உங்கள் விரல் எங்கே, செல்லங்களா?